ஆடிக் காற்றும் மஞ்சள் சட்டையும்

போன ஜூலையில் அம்மா ஆம்பூரிலிருந்து வந்து, பெங்களூரு மர்பி டவுனில் எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தார். அவருடைய சீரியல் எட்டரைக்கு முடியும். உடனே ரிமோட்டை வாங்கி நான் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வைத்துவிடுவேன். பிரான்சில் மாலை ஐந்தரைக்கு வீரர்கள் எல்லைக்கோட்டைத் தொடும்போது நமக்கு இரவு ஒன்பது மணி. சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்க்கச் சரியான நேரம். முதல் இரண்டு நாள் அம்மா சூரியகாந்தித் தோட்டங்களையும் பழைய கோட்டைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கேட்டார்: "ஏன்டா, முதல்ல வந்தவன் ஒருத்தன். மஞ்சள் சட்டை போட்டுக் கையாட்டுறவன் இன்னொருத்தன். இதென்ன கணக்கு?"

இந்தப் பந்தயத்தைப் புதிதாகப் பார்க்கும் எல்லோரும் இங்கேதான் தடுக்கி நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு நந்தி மலைக்குச் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் கூட இரண்டு பேருக்கு இது தெளிவாகத் தெரியாது. அம்மாவுக்கு அன்றைக்கு அரைகுறையாகத்தான் சொன்னேன். இப்போது முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் கணக்கு. டூர் டி பிரான்ஸ் என்பது 21 கட்டங்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டம், நடுவில் இரண்டு நாள் ஓய்வு, ஆக 23 நாட்கள். மொத்தத் தூரம் சுமார் 3,400 கிலோமீட்டர். ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கூடும், குறையும். தேவனஹள்ளிப் பக்கம் நாங்கள் ஓட்டும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. அதன் நீளம் ஏறக்குறைய 3,700 கிலோமீட்டர். அந்தச் சாலை முழுவதையும், நடுவில் பல மலைத்தொடர்களையும் சேர்த்து, மூன்று வாரத்தில் ஓட்டி முடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீரரும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்து, முந்தைய நாட்களின் நேரத்தோடு கூட்டுவார்கள். மொத்த நேரம் யாருக்கு மிகக் குறைவோ அவருக்கு மறுநாள் மஞ்சள் சட்டை. அன்றைய கட்டத்தில் முதலில் வந்தவர் முந்தைய மலை நாட்களில் ஒரு மணி நேரம் பின்தங்கியவராகக்கூட இருக்கலாம். அன்றைய வெற்றி அவருடையது, மொத்தக் கணக்கில் அவர் எங்கோ அடியில் இருப்பார். இன்னொன்றும் உண்டு. நூறு பேர் ஒரே கூட்டமாக வந்து சேர்ந்தால் அத்தனை பேருக்கும் ஒரே நேரம்தான் எழுதப்படும். முதலில் வந்தவருக்கும் எண்பதாவதாக வந்தவருக்கும் வித்தியாசம் இல்லை. முதல் மூவருக்கு மட்டும் 10, 6, 4 விநாடிகள் போனஸாகக் கழித்துக்கொடுப்பார்கள்.

அதனால்தான் பிரிட்டனின் மார்க் கேவென்டிஷ் 35 கட்டங்களை வென்று, பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸுடைய 34 என்ற சாதனையையும் தாண்டி, மொத்தப் பந்தயத்தை ஒருமுறைகூட வெல்லாமல் ஓய்வு பெற்றார். மறுபக்கம் கொலம்பியாவின் ஈகன் பெர்னால் 2019இல் ஒரு கட்டத்தைக்கூட வெல்லாமல் பாரிஸில் மஞ்சள் சட்டையோடு நின்றார். அந்த ஆண்டு 19ஆம் கட்டத்தில் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் வந்து சாலையை மூடிவிட, பந்தயத்தை நடுவிலேயே நிறுத்தி, இசெரான் கணவாய் உச்சியில் குறித்த நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அந்த உச்சியை முதலில் கடந்தவர் பெர்னால். ஆனால் கட்டம் முடியவில்லை என்பதால் அன்றைக்கு வெற்றியாளர் என்று யாரையும் அறிவிக்கவில்லை. கிறிஸ் ஃபுரூம் 2017இலும், கிரெக் லெமாண்ட் 1990இலும் இதே மாதிரி கட்ட வெற்றி இல்லாமல் பந்தயத்தை வென்றவர்கள்.

மஞ்சள் ஏன் என்றால், பந்தயத்தை 1903இல் தொடங்கியது 'லோட்டோ' என்ற விளையாட்டுப் பத்திரிகை. அது மஞ்சள் தாளில் அச்சாகி வந்தது. மஞ்சள் சட்டை வந்தது 1919இல். இத்தாலியின் ஜிரோவில் முதலிடத்துக்கு இளஞ்சிவப்புச் சட்டை. அங்கே பந்தயத்தைத் தொடங்கிய பத்திரிகையின் தாள் அந்த நிறம். ஸ்பெயினின் வுவெல்டாவையும் சேர்த்தால் மூன்று வாரப் பந்தயங்கள் மொத்தம் மூன்று. பச்சைச் சட்டை புள்ளிகளுக்கு, சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளைச் சட்டை மலையேற்றத்துக்கு, முழு வெள்ளை இளம் வீரருக்கு. இவை தனித்தனிப் போட்டிகள். பார்க்கப் பார்க்கப் பழகிவிடும்.

அம்மாவுக்குக் கணக்கு சீக்கிரம் புரிந்துவிட்டது. மாதக் கடைசியில் யார் கையில் மிச்சம் இருக்கிறது என்பதுதானே என்றார். ஆனால் அவருக்குப் புரியாமல் நின்றது வேறு. "தனித்தனி ஆள்தானே ஓட்டுறான்? அப்புறம் எட்டுப் பேரும் ஏன் ஒரே சட்டை போட்டிருக்கான்?"

இதற்குப் பதில் காற்றில் இருக்கிறது. அதை நான் தொலைக்காட்சியில் கற்றுக்கொள்ளவில்லை, பெல்லாரி சாலையில் கற்றுக்கொண்டேன்.

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்ற பழமொழியைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அது நிஜத்தில் என்ன செய்யும் என்பது, நந்தி மலையிலிருந்து திரும்பும் வழியில் தேவனஹள்ளிக்கு இந்தப் பக்கம் திறந்த வெளியில் தெரிந்தது. காலையில் ஐந்து மணிக்கு ஹெப்பால் மேம்பாலம் தாண்டும்போது காற்று தூங்கிக்கொண்டிருக்கும். ஒன்பது மணிக்குத் திரும்பும்போது எதிரே வந்து அடித்துத் தள்ளும். நான் மிதித்த மிதிக்கு மணிக்கு முப்பதில் போக வேண்டும், வண்டி இருபதைத் தாண்டவில்லை. எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், அல்சூரில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், எல்லோருக்கும் அவர் அண்ணன். பின்னால் திரும்பிப் பார்த்தவர் வேகத்தைக் குறைத்து என் பக்கம் வந்தார். "தம்பி, தனியா காத்தோட சண்டை போடாத. என் வீலைப் பிடிச்சுக்க. ஒரு அடிதான் இடம் விடணும், அதுக்கு மேல விட்டா காத்து உள்ள வந்துரும்."

அவர் பின்சக்கரத்துக்கு ஓரடி பின்னால் என் முன்சக்கரத்தை வைத்தேன். காதில் இரைந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று அடங்கியது. ஜன்னலைச் சாத்தின மாதிரி. அதே மிதிக்கு வண்டி இருபத்தாறில் போனது. அவர் முதுகில் வேர்வை வட்டம் பெரிதாகிக்கொண்டே வந்ததைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தேன். எனக்கு மிச்சமானதெல்லாம் அவர் கணக்கிலிருந்து போனது.

இதன் இயற்பியல் எளிமையானது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதை வெல்லத் தேவையான சக்தி எட்டு மடங்கு. சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வீரர் செலவழிக்கும் சக்தியில் மிகப் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே போய்விடும். முன்னால் ஒருவர் இருந்தாலே பின்னால் வருபவருக்குக் கணிசமாக மிச்சமாகும். பெரிய கூட்டத்துக்கு நடுவே இருந்தால் இன்னும் அதிகம். அந்தப் பெரிய கூட்டத்துக்குப் பெலோட்டான் என்று பெயர். 2018இல் பெர்ட் ப்ளாக்கன் என்ற பொறியியல் பேராசிரியரின் குழு 121 வீரர்கள் கொண்ட ஒரு பெலோட்டானைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்து அளந்தது. கூட்டத்தின் உள்ளே, பின்பகுதியில் நல்ல மறைவில் இருப்பவர் சந்திக்கும் காற்றின் எதிர்ப்பு, அதே வேகத்தில் தனியாகப் போகிறவர் சந்திப்பதில் வெறும் 5 முதல் 10 சதவீதம் என்று தெரிந்தது. அந்த எண்ணை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன்.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் மொத்தப் பந்தயமும் வேறு மாதிரி தெரியும். மூன்று வாரம் ஓட வேண்டிய ஒருவர், தன் சக்தியைத் தீர்மானமான நான்கைந்து இடங்களில் மட்டும் செலவழித்து, மற்ற நேரமெல்லாம் மிச்சம் பிடித்தால் அவரை யாரும் வெல்வது கடினம். அவர் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் வேறு ஆட்கள் செலவழிக்க வேண்டும். அணிக்கு எட்டுப் பேர் இருப்பது அதற்காகத்தான். 2025இல் 23 அணிகள், 184 வீரர்கள் புறப்பட்டார்கள். அதில் பந்தயத்தை வெல்லும் எண்ணத்தோடு வந்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். தனியாக ஒரு கட்டத்தையாவது பிடிக்க வேண்டும் என்று வந்தவர்கள் கொஞ்சம் பேர். மிச்சமுள்ளவர்கள் இன்னொருவருக்காகக் காற்றைத் தங்கள் மேல் வாங்க வந்தவர்கள்.

அவர்களுக்கு டொமெஸ்டிக் என்று பெயர். பிரெஞ்சில் வீட்டு வேலையாள் என்று அர்த்தம். அந்தச் சொல் முதலில் வசையாக வந்தது. 'லோட்டோ'வின் ஆசிரியரும் பந்தயத்தின் தந்தை என்று சொல்லத்தக்கவருமான ஹென்றி டெக்ரான்ஜுக்கு, ஒருவர் இன்னொருவருக்கு உதவுவது அறவே பிடிக்காது. தனி மனிதனின் உடல் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்கே அவர் பந்தயம் நடத்தினார். 1911இல் மொரீஸ் புரோக்கோ என்ற வீரர் மற்றவர்களுக்காக ஓட்டினார் என்று கோபப்பட்டு, அவர் வெறும் வேலையாள் என்ற பொருளில் இந்தச் சொல்லைத் தன் பத்திரிகையில் பயன்படுத்தினார்.

அந்த நாட்களில் விதி எவ்வளவு கடுமை என்பதற்கு 1913இல் நடந்தது ஒன்று போதும். பைரனீஸ் மலையில் டூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது யூஜீன் கிறிஸ்டோஃபின் சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்தது. அவர் அப்போது முன்னணியில் இருந்தார். வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பல கிலோமீட்டர் நடந்து, சாந்த் மரி டி காம்பான் என்ற கிராமத்துக் கொல்லன் பட்டறைக்கு வந்தார். யாரும் உதவக் கூடாது என்பது விதி. அதிகாரிகள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இரும்பைக் காய்ச்சித் தன் கையாலேயே ஃபோர்க்கை அடித்துச் சரிசெய்தார். இரண்டு கையும் இரும்பில் இருந்ததால் துருத்தியை ஊத மட்டும் ஒரு சிறுவன் உதவினான். அந்தத் துருத்திக்காக அவருக்குத் தண்டனை நேரம் சேர்த்தார்கள். ஆறு ஆண்டு கழித்து, 1919இல், வரலாற்றின் முதல் மஞ்சள் சட்டையை அணிந்தவர் இதே கிறிஸ்டோஃப். அந்த முறையும் ஃபோர்க் உடைந்து தோற்றார்.

டெக்ரான்ஜ் எவ்வளவு விதி போட்டாலும் காற்று அவர் பேச்சைக் கேட்கவில்லை. இருவர் சேர்ந்து போனால் ஒருவரைவிட வேகமாகப் போகலாம் என்பதை எந்த விதியால் மாற்ற முடியும்? 1930இல் அவரே தேசிய அணிகளைக் கொண்டுவந்தார். நான்கு ஆண்டில், இந்த விளையாட்டின் மறக்க முடியாத புகைப்படம் ஒன்று கிடைத்தது.

1934. ரெனே வியெட்டோவுக்கு வயது இருபது. கான் பக்கத்து ஓட்டல் ஒன்றில் லிஃப்ட் பையனாக வேலை பார்த்தவர். முதல் முறையாக டூரில் கலந்துகொண்டு, ஆல்ப்ஸ் மலைகளில் எல்லோரையும் மிரள வைத்திருந்தார். பைரனீஸில் ஓர் இறக்கத்தில் அணித் தலைவர் அந்தோனின் மான்யே விழுந்து சக்கரம் உடைந்தது. மஞ்சள் சட்டை மான்யேயிடம் இருந்தது. வியெட்டோ தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். மான்யே போய்விட்டார். மாற்றுச் சக்கரம் கொண்டுவரும் வண்டிக்காக, சாலையோரக் கல் சுவரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும் பையனை யாரோ படம் எடுத்தார்கள். பக்கத்தில் ஒரு சக்கரம் இல்லாத சைக்கிள். மறுநாளும் மான்யேவின் வண்டி பழுதானது. அப்போது வியெட்டோ முன்னால் போயிருந்தார். செய்தி தெரிந்ததும் மலையில் திரும்பி ஏறி வந்து தன் சைக்கிளையே கொடுத்தார். மான்யே அந்த ஆண்டு டூரை வென்றார். வியெட்டோவுக்கு ஐந்தாம் இடம். பின்னாளில் பல ஆண்டுகள் ஓட்டியும் அவரால் டூரை வெல்ல முடியவில்லை.

அந்தப் படத்தை அம்மாவுக்குப் போனில் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சரி, காற்று இவ்வளவு முக்கியம் என்றால் பந்தயம் எங்கே முடிவாகிறது? காற்றின் உதவி குறையும் இடத்தில். மலையில் ஏறும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். அங்கே எதிரி பூமியின் ஈர்ப்பு. முன்னால் ஆள் இருந்தாலும் பெரிதாக மிச்சமாகாது. நந்தி மலையில் ஏறும் ஏழரைக் கிலோமீட்டரில் அண்ணன் பின்னால் ஒட்டிக்கொண்டு எனக்கு ஒரு பயனும் கிடைத்ததில்லை. அவர் போய்விடுவார், நான் என் மூச்சோடு தனியாக இருப்பேன். அது ஏழரைக் கிலோமீட்டர். பிரான்சின் ஆல்ப் டுயேஸ் 13.8 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 8 சதவீதத்துக்கு மேல், 21 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு முன்னால் அதே நாளில் இரண்டு பெரிய கணவாய்களை ஏறி இறங்கி வந்திருப்பார்கள். அணியினர் ஒவ்வொருவராகத் தங்களால் முடிந்த அளவு முன்னால் நின்று வேகம் கூட்டி, சக்தி தீர்ந்ததும் ஓரமாக ஒதுங்கிவிடுவார்கள். கடைசி ஐந்து கிலோமீட்டரில் தலைவர்கள் மட்டும் நேருக்கு நேர் மிஞ்சுவார்கள். அந்த ஐந்து கிலோமீட்டருக்காகத்தான் காலையிலிருந்து மற்றவர்கள் காற்றைத் தாங்கினார்கள்.

இரண்டாவது இடம், நேரக் கட்டம். அன்றைக்கு ஒவ்வொருவரும் இடைவெளி விட்டுத் தனியாகப் புறப்பட வேண்டும். யார் பின்னாலும் ஒளிய முடியாது. டெக்ரான்ஜ் கனவு கண்ட பந்தயம் இதுதான், ஆனால் இருபத்தொன்றில் ஓரிரண்டு நாள் மட்டும். அதற்குள் நடக்கிற மாற்றம் பயங்கரமானது. 1989இல் கடைசி நாள் வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் நேரக் கட்டம். பிரான்சின் லோரான் ஃபினியோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் இரண்டாவது. இரண்டு ஆண்டுக்கு முன் வேட்டை விபத்தில் துப்பாக்கிக் குண்டுச் சிதறல்கள் பாய்ந்து உயிர் பிழைத்தவர் அவர். சில சிதறல்கள் உடம்பிலேயே இருந்தன. அன்றைக்கு அவர் கைப்பிடியின் முன்னால் இரண்டு நீட்டுக் கம்பிகளைப் பொருத்தி, முழங்கைகளை ஒடுக்கி, முதுகைத் தாழ்த்தி ஓட்டினார். தலையில் காற்றைக் கிழிக்கும் நீண்ட ஹெல்மெட். ஃபினியோன் வழக்கமான கைப்பிடியோடு, தலையில் எதுவும் இல்லாமல், பின்னால் கட்டிய முடி காற்றில் ஆட வந்தார். லெமாண்ட் 58 விநாடி வேகமாக வந்தார். சுமார் 3,285 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு வித்தியாசம் 8 விநாடி. ஆண்கள் டூரில் இன்றுவரை இவ்வளவு குறைந்த வித்தியாசம் வந்ததில்லை. பெண்கள் டூரில் இதைவிடக் குறைவாக வந்திருக்கிறது: 2024இல் போலந்தின் காஷா நியெவியாடோமா 4 விநாடியில் வென்றார். 2020இலும் ஸ்லோவேனியாவின் டாடெய் பொகாச்சார், தன் நாட்டுக்காரரான பிரிமோஜ் ரோக்லிச்சைக் கடைசிக்கு முந்தைய நாள் நேரக் கட்டத்தில் 57 விநாடி பின்தங்கிய நிலையிலிருந்து தாண்டிப் போனார். அப்போது அவருக்கு வயது 21.

மூன்றாவது இடத்தை நிபுணர்கள்கூடச் சில சமயம் எதிர்பார்க்க மாட்டார்கள். பக்கக் காற்று. ஆடிக் காற்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்த இரண்டாவது பாடம் இது. தேவனஹள்ளியிலிருந்து தெற்கே வரும்போது சில நாள் மேற்குக் காற்று வலப்பக்கம் அடிக்கும். அப்போது முன்னால் இருப்பவருக்கு நேர் பின்னால் மறைவு கிடையாது, இடப்பக்கம் சற்றுப் பின்தள்ளிக் கிடைக்கும். அதனால் ஆட்கள் சாலையின் குறுக்கே சாய்வாக, விசிறி விரித்த மாதிரி வரிசை கட்ட வேண்டும். சாலைக்கு ஓர் அகலம் உண்டு. நாலைந்து பேர் நின்றதும் இடது ஓரம் முடிந்துவிடும். ஆறாவது ஆள் மண்ணை ஒட்டின விளிம்பில் எந்த மறைவும் இல்லாமல் மாட்டிக்கொள்வான். எங்கள் குழுவில் அந்த ஆறாவது ஆள் பலமுறை நான்தான். பத்து நிமிடம் தாங்கலாம், அதற்குள் கால் வெந்துவிடும். ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விழுந்துவிட்டால் அவ்வளவுதான். அது பத்து நீளமாகும், அப்புறம் ஆட்களே கண்ணில் படமாட்டார்கள்.

பெலோட்டானிலும் இதையேதான் செய்கிறார்கள், வேண்டுமென்றே. 2013இல் 13ஆம் கட்டம், தட்டையான சாலை, பெரிய மலை எதுவும் இல்லை. காற்று பக்கத்திலிருந்து வந்தது. சில அணிகள் ஒரே நேரத்தில் முன்னால் வந்து வேகத்தை ஏற்றின, கூட்டம் துண்டு துண்டாக அறுந்தது. அப்போது மொத்தக் கணக்கில் இரண்டாம் இடத்தில் இருந்த ஸ்பெயின் வீரர் வால்வெர்டே, சக்கரம் பழுதாகி நின்ற நேரமும் சேர்ந்து, கிட்டத்தட்ட 10 நிமிடம் இழந்தார். மஞ்சள் சட்டைக்காரர் ஃபுரூமே அல்பெர்தோ கொன்டாடோரின் அணி வைத்த பொறியில் 1 நிமிடம் 9 விநாடி விட்டார். மலையில் ஒரு வாரம் போராடிச் சேர்க்கும் நேரம் அது.

நான் இந்தப் பந்தயத்தில் அதிகம் நேசிப்பது தலைவர்களை அல்ல. மலை நாளில் தொலைக்காட்சிக் கேமரா முன்னால் போய்விட்ட பிறகு, அரை மணி நேரம் பின்னால் ஒரு கூட்டம் வரும். இத்தாலியச் சொல்லில் குருப்பெட்டோ என்பார்கள். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஸ்பிரிண்டர்கள். அவர்களுடைய உடம்பு கனமானது, தசை தடித்தது. கடைசி 200 மீட்டரில் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொடுவதற்கான உடம்பு மலையில் பாரம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கால வரம்பு உண்டு. வென்றவர் எடுத்த நேரத்தோடு, அன்றைய கடினத்துக்கு ஏற்ப இத்தனை சதவீதம் என்று கூட்டுவார்கள். அதற்குள் வராதவர் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் எதிரணி ஆட்களும் அங்கே ஒன்றாகச் சேர்ந்து, வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி, முறை வைத்து முன்னால் நின்று காற்றை வாங்குவார்கள்.

2024இல் கேவென்டிஷ் 35ஆவது வெற்றிக்காக வந்திருந்தார். வயது 39. முதல் நாளே இத்தாலியில் ஃபிளாரன்ஸிலிருந்து ரிமினிக்குக் கொளுத்தும் வெயிலில் மேடும் பள்ளமுமான பாதை. முதல் ஏற்றங்களிலேயே அவர் பின்தங்கினார். சைக்கிள் மேலேயே வாந்தி எடுத்தார். அணித் தோழர்கள் முன்னால் போகாமல் அவரோடு தங்கினார்கள். தண்ணீர் எடுத்துவந்து அவர் தலையில் ஊற்றினார்கள், காற்றை மறைத்தார்கள், கால வரம்புக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான்கு நாள் கழித்து ஐந்தாம் கட்டத்தில், சான் வுல்பாவில், அவர் முதலில் வந்தார். பட்டியலில் அந்த வெற்றி அவர் பெயரில் இருக்கிறது. எனக்கு அது ரிமினிச் சாலையில் உடன் வந்தவர்களின் வெற்றியாகவும் தோன்றுகிறது. அவர்களில் ஒருவர் அன்றைக்கு அவசரப்பட்டிருந்தாலும் சான் வுல்பா கிடையாது.

பரிசுப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டூரை வெல்பவருக்கு 5 லட்சம் யூரோ. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அணியில் உடன் ஓட்டியவர்கள், மெக்கானிக்குகள், கால் பிடித்துவிடுகிறவர்கள் என்று பங்கு போடுவது நெடுநாள் வழக்கம்.

சாப்பாடு இன்னொரு அதிசயம். மலை நாளில் ஒரு வீரர் ஆறாயிரம், ஏழாயிரம் கலோரி செலவழிப்பார். சைக்கிளில் இருந்தபடியே மணிக்கு 90 கிராமுக்கு மேல் மாவுச்சத்தை உள்ளே தள்ள வேண்டும். சட்டையின் முதுகுப் பையில் வைத்திருப்பதில் ஒன்று, குழைய வேகவைத்த அரிசியைச் சர்க்கரையோடு பிசைந்து கட்டியாக்கி வெட்டிய துண்டுகள். ஐரோப்பிய அணிகளின் சமையல்காரர்கள் காலையில் முதலில் செய்யும் வேலை சோறு வடிப்பது என்று தெரிந்தபோது எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. நாங்கள் திரும்பும் வழியில் தட்டு இட்லி சாப்பிடுவதற்கு அன்றிலிருந்து விஞ்ஞான நியாயம் கிடைத்துவிட்டது.

இந்த விளையாட்டின் கறையையும் சொல்லாமல் விட முடியாது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றார். ஊக்கமருந்து நிரூபணமாகி 2012இல் ஏழும் பறிக்கப்பட்டன. அந்த ஏழு ஆண்டுகளுக்கும் வெற்றியாளர் இடம் காலியாகவே இருக்கிறது, இரண்டாவது வந்தவருக்குக் கொடுக்கவில்லை. அணி என்ற ஏற்பாடு மறைவுக்கும் உதவும் என்பதை அந்த வழக்கு காட்டியது. ஒருவருக்காக ஓர் அணியே உழைக்கும் இடத்தில், ஒருவருக்காக ஓர் அணியே வாய் மூடவும் முடியும். அதற்குப் பிறகு சோதனைகள் கடுமையாகியிருக்கின்றன. சந்தேகம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பார்க்கிறேன்.

நம் பக்கம் என்ன நிலை? பெங்களூரு சைக்கிள்காரர்களுக்கு 2008 முக்கியமான ஆண்டு. அந்த டிசம்பரில்தான் முதல் டூர் ஆஃப் நீலகிரிஸ் நடந்தது. கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் மூன்றும் சந்திக்கும் மலைகளில் பல நாள் ஓட்டம். போட்டிக் கட்டங்கள் உண்டு, சும்மா ஓட்டுகிறவர்களுக்கும் இடம் உண்டு. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையைச் சைக்கிளில் ஏறினவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுவதைக் கேட்டிருக்கிறேன். தொழில்முறை அணிகள் வரும் சர்வதேசப் பல கட்டப் பந்தயம் 2026 ஜனவரியில் புனேயில் நடந்தது. அப்படி ஒன்று பெங்களூருக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. யெலஹங்காவில் தொடங்கி நந்தி உச்சியில் முடியும் ஒரு கட்டத்தை மனதுக்குள் நூறு முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். தடை எங்கே என்றும் தெரியும். விமான நிலையத்துக்குப் போகும் ஒரே பெரிய சாலையை ஒரு காலைப் பொழுது மூட வேண்டும். பந்தயம் போகும் பாதையில் ஒவ்வொரு குறுக்குச் சந்துக்கும் ஆள் நிற்க வேண்டும், ஒரு மாடு, ஒரு ஸ்கூட்டர் உள்ளே வரக் கூடாது. வேகத்தடைகளைப் பெயர்த்து எடுத்து, மறுநாள் திரும்பப் போட வேண்டும். பணத்தைவிட இதுதான் பெரிய வேலை. பிரான்சில் ஊர்கள் பணம் கட்டி, தங்கள் தெருவில் பந்தயம் வரட்டும் என்று வரிசையில் நிற்கின்றன. பார்க்க வருகிறவர்களுக்கு டிக்கெட் கிடையாது, வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும்.

அம்மா ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய இரவு மலைக் கட்டம். கூட்டத்தின் பின்னால் ஒரு வீரர் அணியின் காருக்கு அருகே வந்து தண்ணீர்ப் பாட்டில்களை வாங்கிக்கொண்டிருந்தார். சட்டையின் கழுத்து வழியாக முதுகில் நாலு, முன்னால் இரண்டு, பைகளில் இன்னும் மூன்று. உடம்பெல்லாம் புடைத்துக்கொண்டு, அத்தனை பேரையும் தாண்டி முன்னால் போய் ஒவ்வொருவருக்கும் ஒன்றாகக் கொடுத்தார். கடைசிப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு மெல்லப் பின்னால் நழுவிக் கேமராவிலிருந்து போனார்.

"அந்தப் புள்ள எத்தனாவது?" என்றார் அம்மா.

போனில் தேடினேன். பட்டியலை வெகு தூரம் கீழே தள்ள வேண்டியிருந்தது. மஞ்சள் சட்டைக்காரரைவிட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பின்னால் இருந்தார். சொன்னேன்.

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு நான் பஸ்ல இருப்பேன். அவன் டயத்துக்குள்ள வந்தானான்னு போன் பண்ணிச் சொல்லு."